உப்பு கேட்ட உடம்பு

ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு கெட்ட குணம் வந்துவிடும். எதிரே வருகிற ஆளைப் பார்த்ததும் இவருக்குப் புழு, இவருக்கு மலேரியா, இவருக்குக் கல்லீரல் போச்சு என்று மனசுக்குள் சீட்டு எழுத ஆரம்பித்துவிடுவான். எனக்கு அந்தக் குணம் ஒரு பிடி கூடுதல். நுண்ணோக்கிக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தே எட்டு வருடம் ஓட்டியிருந்தேன். மலாக்காவில் பாதிப் பேரின் இரத்தம் எனக்குத் தெரியும் என்று ஒரு மிதப்பு. அந்த மிதப்பு எப்படி இறங்கியது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

நாடு சுதந்திரம் வாங்கப்போகிறது என்று காப்பிக் கடைக்குக் காப்பிக் கடை பேசிக்கொண்டிருந்த காலம் அது. நானும் என் மனைவியும் காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. அவள் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். வாய்த்துடுக்கு அதிகம். என்னைக் கேலி செய்யாமல் ஒரு நாளும் எனக்குச் சோறு போட்டதில்லை.

அப்படிப்பட்டவள் வாயை மூட ஆரம்பித்தாள். முதலில் நாக்குதான்.

"என்னாங்க, சம்பால வாயில வெக்க முடியல. நாக்கு நெருப்பா எரியுது."

"மொளகாய கொறச்சிப் போடு," என்றேன். என் வைத்தியம் அவ்வளவுதான்.

பிறகு மூச்சு வாங்கியது. பசாருக்குப் போய்க் காய்கறி வாங்கித் திரும்புவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து வந்தாள். முகம் வெளுத்தது. தோட்டத்துப் பெண், வெறுங்காலோடு திரிந்து வளர்ந்தவள், வேறென்ன, கொக்கிப்புழுதான் என்று நானே முடிவு செய்தேன். பூச்சி மருந்து கொண்டுவந்து கொடுத்தேன். இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்தேன். ஒரு மாசம், இரண்டு மாசம் போனது. ஒன்றும் கேட்கவில்லை.

"கால் தரையில படற மாதிரியே இல்லங்க. பஞ்சு மேல நடக்கிறாப்புல இருக்கு," என்றாள் ஒரு நாள்.

அப்போதும் நான் அவள் செருப்பைத்தான் குறை சொன்னேன். ஊரார் இரத்தத்தை எல்லாம் பார்க்கிறவனுக்கு வீட்டுக்காரியின் விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கத் தோன்ற மூன்று மாசம் ஆனது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஒரு காலையில், பசியாறிவிட்டு வேலைக்குக் கிளம்பும்போது, அவள் விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டைத் தேய்த்துக் காயவைத்து எடுத்துப் போனேன். சாயம் போட்டு நுண்ணோக்கியில் வைத்தேன். புழுச் சோகையில் சிவப்பணுக்கள் சிறுத்து, நடுவில் வெளுத்துக் கிடக்கும். இங்கே அதற்கு நேர்மாறு. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் பெரிசு, முட்டை வடிவம், நடுவில் வெளுப்பே இல்லை. வெள்ளையணுக்களின் உட்கரு வழக்கமாக மூன்று நான்கு துண்டாக இருக்கும். இங்கே ஆறு, ஏழு என்று சிதறிக் கிடந்தது. அதுவரை நான் புத்தகப் படத்தில் மட்டும் பார்த்திருந்த இரத்தம் அது.

எங்கள் டாக்டர் மதராஸில் படித்தவர். ஐம்பதை நெருங்கியவர், பேச்சைச் சிக்கனமாகச் செலவு செய்பவர். கண்ணாடித் துண்டை வெகுநேரம் பார்த்தார்.

"யாரோட இரத்தம் இது?"

"எங்க வீட்டுக்காரியோடது டாக்டர்."

அவர் நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கே அவளை வார்டில் சேர்த்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பை நீரை எடுத்தார்கள். அதில் புளிப்பு துளியும் இல்லை. டாக்டர் விளக்கினார். சாப்பாட்டிலிருந்து ஒரு வைட்டமினைப் பிடித்து இரத்தத்துக்குள் அனுப்ப இரைப்பை ஒரு சரக்கைச் சுரக்க வேண்டுமாம். இவள் இரைப்பை அதை மறந்துவிட்டது. தினமும் மீன் தின்றாலும் முட்டை தின்றாலும் அந்தச் சத்து உடம்பில் ஒட்டாமல் வெளியே போய்விடும். சோகைதான், ஆனால் கொல்லும் சோகை.

"முன்னெல்லாம் இது வந்தா ஆளு பொழைக்கிறது இல்ல. அப்புறம் ஈரலப் பச்சையாத் தின்னச் சொன்னாங்க. இப்ப ஊசி இருக்கு," என்றார். "ஆனா சிங்கப்பூர்லேருந்து வரணும். ஒரு வாரமாவது ஆகும்."

அவள் அப்போது இருந்த நிலைக்கு ஒரு வாரம் என்பது சின்ன விஷயம் இல்லை. அன்றைக்கு வீட்டுக்குச் சைக்கிளில் திரும்பும்போது அம்மன் கோயில் வாசலில் இறங்கினேன். நான் கோயிலுக்கே போகாதவன் அல்ல, பொங்கல் வாங்கப் போகிறவன். வாய்விட்டு எதுவும் கேட்டுப் பழக்கமில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டே, "அம்மா, இவள விட்டுடு. திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கச் சொல்றேன்," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. பின்னால் நான் வேறு மாதிரி சொன்னதால் இதை இங்கேயே எழுதிவைக்கிறேன்.

ஊசி வந்தது. மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடையில் விற்கிற சிராப் தண்ணீரின் நிறம், அப்படி ஒரு சிவப்பு. அதற்குள் இருக்கும் சரக்கின் எடையை டாக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை. ஒரு கடுகை இருபது பங்காக உடைத்தால் ஒரு பங்கு வருமே, அவ்வளவுதான். அதை நம்பி ஒரு முழு மனுஷி கட்டிலில் கிடக்கிறாள்.

இரண்டாம் நாள் காலை நான் வார்டுக்குள் நுழைந்தபோது எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"பசிக்குதுங்க," என்றாள். "இங்க குடுக்கிற கஞ்சி மனுஷன் குடிப்பானா? நெத்திலி சம்பால் வெச்சி நாசி லெமாக் வாங்கிட்டு வாங்க."

தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் வாங்கக் கடைக்கு ஓடினேன். ஐந்தாம் நாள் அவள் இரத்தத்தில் நீலச் சாயம் கலந்து பார்த்தேன். அப்போதுதான் பிறந்த சிவப்பணுவாக இருந்தால் அதற்குள் நீல நூல் சிக்கல் போல ஒன்று தெரியும். நல்ல உடம்பில் தேடித்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அன்றைக்கு எங்கே பார்த்தாலும் அதுவாகவே இருந்தது. அவள் எலும்புக்குள் அடைத்துக் கிடந்ததெல்லாம் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். நுண்ணோக்கியைக் கையெடுத்துக் கும்பிட்டேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். கடுகில் இருபதில் ஒரு பங்கு இதைச் செய்யும் என்றால் கும்பிடாமல் என்ன செய்வது?

வீட்டுக்கு வந்தாள். வாய்த்துடுக்கும் கூடவே வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது, அது உப்பு.

உஜோங் பாசிரிலிருந்து சைக்கிளில் வரும் மீன்காரரிடம் சிஞ்சாலோக் வாங்குவாள். பொடி இறாலை உப்பில் ஊறவைத்த அந்தச் சரக்கை மற்றவர்கள் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வார்கள். இவள் போத்தலைச் சாய்த்துக் கரண்டியில் குடித்தாள். கருவாட்டைச் சுடாமலே கிள்ளித் தின்றாள். ஊறுகாய்த் தண்ணீரை மிச்சம் வைத்ததில்லை. கல் உப்பை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, துணி துவைக்கும்போது ஒவ்வொன்றாக வாயில் போடுவாள்.

"கடல்ல பொண்ணு எடுத்துட்டேன் போல," என்று கேலி செய்தேன்.

"கேக்குதுங்க ஒடம்பு. நான் என்னா செய்யட்டும்?" என்றாள்.

தெருப் பெண்கள் வேறு விதமாகக் கணக்குப் போட்டார்கள். "விசேஷமா?" என்று கேட்டார்கள். ஆறு வருடம் காத்திருந்தவள் அல்லவா, அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. பத்து நாள் ஒன்றும் பேசாமல் முகம் மலர்ந்து திரிந்தாள். பிறகு அப்படி இல்லை என்று தெரிந்தது. அன்று முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எனக்கும் அழுகை வந்தது, அவளிடம் காட்டவில்லை.

பக்கத்து வீட்டில் மலாக்காச் செட்டிக் குடும்பம். எங்களைப் போலவே அம்மனைக் கும்பிடுகிறவர்கள், ஆனால் வீட்டுப் பேச்சு மலாய்தான். அந்த வீட்டம்மா ஒரு நாள் என் மனைவியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாக்காய் இனாய் கா?" என்றார். மருதாணி போட்டிருக்கிறாயா என்று அர்த்தம். உள்ளங்கை ரேகை ஒவ்வொன்றும் கறுத்து, மை வைத்துக் கோடு போட்டது மாதிரி இருந்தது.

"இல்ல, போடலியே," என்று இவள் மலாயில் சொன்னாள்.

"அடுப்புக் கரியா இருக்கும்," என்று நான் தீர்ப்புச் சொன்னேன். முகமும்கூடக் கறுத்திருந்தது. நாங்களே கறுத்த ஜாதி, இதில் புதிதாக என்ன கறுக்கப்போகிறது, வெயில் என்று விட்டுவிட்டேன். படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறது என்றாள். உடம்பு சதை போடவில்லை. ஆனால் நான் அவள் இரத்தத்தை மாசா மாசம் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கம் போல் இருந்தது. இரத்தம் சரியானால் ஆளும் சரிதான் என்பது என் கணக்கு. கூடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கண்ணாடித் துண்டில் தெரியாதது எதுவும் உலகத்தில் இல்லையே.

வைகாசியில் திருவிழா வந்தது. பால்குடம் என்று நேர்ந்துகொண்டதை அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். சந்தோஷமாக ஒத்துக்கொண்டிருந்தாள். ஆனால் நாள் நெருங்க நெருங்க எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தச் சிவப்பு மருந்தையும், ஐந்தாம் நாள் பார்த்த நீல நூல்களையும் நினைக்கும்போதெல்லாம் மேலெல்லாம் சிலிர்க்கும். இவ்வளவு பெரிய காரியத்துக்கு ஒரு செம்புப் பாலா? கடைக்காரரிடம் நூறு வெள்ளிச் சரக்கை வாங்கிக்கொண்டு பத்துக் காசை நீட்டுவது போல் எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் பெரிய வேண்டுதலுக்குப் பெரிய விரதம் உண்டு. கையில் மஞ்சள் காப்புக் கட்டி, ஒன்பது நாள், ஒரு வேளைச் சாப்பாடு, அதிலும் உப்பில்லாமல். அதைச் செய்தால்தான் தகும் என்று பட்டது. பட்டதை அப்படியே சொல்லியிருக்கலாம். பெருமைக்காரன் அப்படிச் சொல்வானா?

"ஒம்போது நாள் உப்பில்லா வெரதம்னுதான் வேண்டிக்கிட்டேன்," என்றேன்.

அவள் முகம் மாறியது. "பால்கொடம்னுதான சொன்னீங்க?"

"ரெண்டுந்தான். ஒனக்கு ஒடம்பு தேறட்டும்னு சொல்லாம இருந்தேன்."

"உப்பில்லாம என்னால முடியாதுங்க. வேற எது வேணாலும் விடறேன்."

"உசுரக் குடுத்தவளுக்கு ஒம்போது நாளு உப்ப விட முடியலியா ஒன்னால?"

காப்புக் கட்டிக்கொண்டாள்.

முதல் இரண்டு நாள் பால்சோறும் பழமும் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது சமையல்கட்டில் உப்பு ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திறக்கவில்லை. மூடி மேல் கை மட்டும் இருந்தது.

"ஒரே ஒரு கல்லு நாக்குல வெச்சிக்கிறேங்க. முழுங்க மாட்டேன், துப்பிடறேன்."

"காப்புக் கட்டிக்கிட்டு என்னா பேச்சுப் பேசற?" என்றேன். ஜாடியை எடுத்து அலமாரியின் உச்சியில் வைத்தேன். அவளுக்கு எட்டாத உயரம். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஐந்தாம் நாள் வாந்தி வந்தது. பால் திரிந்திருக்கும் என்றேன். ஆறாம் நாள் சோற்றைத் தொடவில்லை. ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. குளிக்கப் போனவள் வாளியோடு விழுந்த சத்தம் கேட்டது. ஓடிப்போய்த் தூக்கினேன். உடம்பில் எடையே இல்லை. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா வேலியைத் தாண்டி ஓடிவந்து ஈரத்துணியை மாற்றி, டாக்ஸி பிடித்து, என்னோடு ஏறி ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நான் நாடியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். இருக்கிறது, இல்லை, இருக்கிறது என்று போய்க்கொண்டிருந்தது.

டாக்டர் இரத்த அழுத்தம் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு உதட்டைக் கீழே இழுத்து ஈறைப் பார்த்தார். ஈறில் கறுப்புத் திட்டுகள். உள்ளங்கையைத் திருப்பினார். அப்படியே நின்றார்.

"ஈறுல வெயில் படுமா?" என்றார். என்னிடம் இல்லை, தனக்குத்தானே. பிறகு என் பக்கம் திரும்பினார். "இவங்க உப்பு நெறைய சாப்பிடுவாங்களா?"

"ஆமாங்க டாக்டர். நாலு மாசமா அள்ளி அள்ளித் தின்னா."

"இப்பவுமா?"

"ஏழு நாளா இல்ல. வெரதம்."

அவர் உடனே மிஸ்ஸியைக் கூப்பிட்டார். நர்ஸை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். "சலைன் ஏத்துங்க, குளுக்கோஸ் சேத்து. வேகமா," என்றார். மருந்தறையில் கார்டிசோன் என்ற மருந்து கொஞ்சம்தான் இருந்தது. அதையும் கொண்டுவரச் சொல்லி ஊசி போட்டார். காப்பை மேலே தள்ளிவிட்டு மிஸ்ஸி நரம்பைத் தேடினாள். போத்தலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது.

அந்தப் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ தடவை பார்த்த போத்தல்தான். உள்ளே இருந்தது காய்ச்சி வடித்த தண்ணீரும் உப்பும். நான் அலமாரி உச்சியில் வைத்துவிட்டு வந்த அதே உப்பு. முதல் போத்தல் முடிந்து இரண்டாவது பாதி இறங்கியபோது அவள் உதட்டில் ஈரம் வந்தது. விரல் அசைந்தது. கண்ணைத் திறந்து, "பக்கத்து வீட்டம்மா எங்க?" என்று கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. சாகக் கிடந்தவள் உப்புத் தண்ணீரில் எழுந்து வந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இப்போது கும்பிடக்கூட எனக்குக் கை எழவில்லை.

மத்தியானம் டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். இரண்டு சிறுநீரகம், ஒவ்வொன்றின் தலையிலும் சொங்கோக் தொப்பி வைத்தது போல ஒரு சின்னச் சுரப்பி.

"விரல் நுனி கனம்கூட இருக்காது. அதுதான் ஒடம்புல உப்பப் பிடிச்சி வெக்கிது. காய்ச்சல், பட்டினி, பயம் எது வந்தாலும் தாங்கற சக்தியக் குடுக்கறதும் அதுதான். அது வேலை செய்யலன்னா உப்பு மூத்திரத்துல போய்க்கிட்டே இருக்கும். இவங்க உப்பு தின்னுதான் இத்தன மாசம் நடமாடிக்கிட்டு இருந்திருக்காங்க."

"அவளுக்கு எப்பிடித் தெரியும் டாக்டர்?"

"அவங்களுக்குத் தெரியாது. ஒடம்புக்குத் தெரியும்."

"அந்தச் சோகைக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?"

"எப்பவாவது ரெண்டும் ஒரே ஆளுக்கிட்ட வரும்னு படிச்சிருக்கேன். ஏன்னு யாருக்கும் தெரியல." காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். "சுரப்பி செத்துப்போச்சா, அசந்துபோயிருக்கா, அதப் பாத்துடணும். அசந்துபோயிருந்தா கொஞ்ச நாளுல எழுந்துக்கும். செத்துப்போயிருந்தா ஆயுசு பூரா மாத்திரை, ஆயுசு பூரா உப்பு. ஒரு நாளும் விடக்கூடாது. ஒரு காய்ச்சல் வந்தாக்கூட ஆபத்து."

அந்தப் பரிசோதனைக்கு வேண்டிய மருந்தும் சிங்கப்பூரிலிருந்துதான் வந்தது. மூளைக்கு அடியில் இருக்கும் ஒரு சுரப்பி, இந்தச் சொங்கோக் சுரப்பியை வேலை செய் என்று விரட்டுமாம். அந்த விரட்டலையே ஊசியில் அடைத்திருந்தார்கள். காலையில் இரத்தம் எடுத்து, உள்ளே சிவப்பு மணிகள் நிறைந்திருக்கும் ஒரு வகை வெள்ளையணுவை எண்ண வேண்டும். பிறகு ஊசி. நாலு மணி நேரம் கழித்து மறுபடி எண்ண வேண்டும். சுரப்பி உயிரோடு இருந்தால் அந்த அணுக்களில் பாதிக்குமேல் காணாமல் போயிருக்கும். புழு இருந்தால் அவை கூடும் என்பதால் முன்கூட்டியே மறுபடி பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. அதுவரை கொடுத்துவந்த கார்டிசோன் மாத்திரையைப் பரிசோதனைக்கு முதல் நாள் நிறுத்தினார்கள். உப்புத் தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

"வேற ஆள் எண்ணட்டும்," என்றார் டாக்டர்.

"நானே எண்ணறேன்," என்றேன்.

காலையில் எண்ணியது சுலபம். சாய நீரில் மற்ற அணுக்கள் எல்லாம் கரைந்து மறைந்துவிடும். கோடு போட்ட கண்ணாடிக் கட்டத்தில் இவை மட்டும் சிவப்பாக மின்னும். எழுதிவைத்தேன். மத்தியானம் இரண்டாவது இரத்தம் வந்தது. ஒரு தடவை கட்டத்தை நிரப்பி வழியவிட்டு, கழுவி மறுபடி நிரப்பினேன். குனிந்தேன்.

முதல் கட்டத்திலேயே ஒன்று இருந்தது. போ என்றேன். அடுத்ததில் இரண்டு. என் வாழ்க்கையில் அதுவரை எதையாவது கண்டுபிடிக்கத்தான் அந்தக் கண்ணாடிக்குள் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும் என்று கெஞ்சிக்கொண்டு பார்த்தேன். அவை ஒவ்வொன்றும் அழகாக இருந்தன. அது உண்மை. செவ்வரளி மொக்கு மாதிரி, அடர்த்தியாக, எதற்கும் கலங்காமல் இருந்த இடத்திலேயே இருந்தன. எண்ணி முடித்தேன். காலையில் இருந்த எண்ணிக்கைக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. வேறொரு கட்டம் நிரப்பி எண்ணினேன். மூன்றாவதும் எண்ணினேன். உள்ளே ஊசி போய்க் கதவைத் தட்டியிருக்கிறது, பதில் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. இத்தனை காலமும் அந்த ஆள் இல்லாமலே, முந்தானையில் முடிந்த நாலு கல் உப்பை வைத்துக்கொண்டு, அவள் எனக்குச் சமைத்து, துவைத்து, என்னைக் கேலியும் செய்துகொண்டிருந்திருக்கிறாள். நான் அண்ணாந்து பார்க்க வேண்டியது எதை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சீட்டை எழுதி டாக்டரிடம் கொடுத்தேன். மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார்கள். இரண்டு நாளில் சலைனைக் கழற்றிவிட்டு, அதுவரை பால் மட்டும் குடித்துவந்தவளுக்கு இனி உப்பும் வாய் வழியாகத்தான் என்று ஒரு கிண்ணம் கஞ்சியும் தனியாக ஒரு தட்டில் உப்பும் கொண்டுவந்து வைத்தார்கள். மாத்திரையை விழுங்கினாள். உப்பைத் தொடவில்லை.

"போட்டுக் குடி," என்றேன்.

"வெரதம் முடியல." காப்புக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "ஏழு நாளு முடிஞ்சிது. படுக்கையில கெடந்த நாளு கணக்குல வராது. ரெண்டு நாளு பாக்கி."

"இத்தன போத்தல் உப்புத்தண்ணி ஏறிடுச்சே உள்ள?"

"அது நரம்புல போனது. நாக்குல படல. நாக்குல பட்டாத்தான் வெரதம் முறியும்." பேசும்போதே அவளுக்கு மூச்சு இளைத்தது. "ரெண்டு நாளுதாங்க. தாங்கிக்குவேன். உசுருக்கு வேண்டிக்கிட்டது. பாதியில விட்டா அம்மா ஒங்கள எதாச்சும் செஞ்சிடுவா."

என்னை எதாவது செய்துவிடுவாளாம். அவளுக்குப் பயம் என்னைப் பற்றி. மிஸ்ஸி சொல்லிப் பார்த்தாள். டாக்டர் வந்து கோபமாகவே சொல்லிப் பார்த்தார். தலையை ஆட்டினாளே தவிர தட்டைத் தொடவில்லை. சாயங்காலம் அழுத்தம் மறுபடி இறங்கியிருந்தது. டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "போத்தல் போட்டு எத்தன நாளைக்கு ஓட்ட முடியும்? வீட்டுக்குப் போனா யார் போடுவா? ஒங்க பேச்சக் கேக்க மாட்டாங்களா?" என்றார்.

என் பேச்சைக் கேட்டதுதான் வினை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். கஞ்சி ஆறி ஆடை கட்டியிருந்தது. நான் அவளைப் பார்க்கவில்லை, அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அம்மன்கிட்ட நான் பால்கொடம் மட்டுந்தான் சொன்னேன்."

கரண்டியால் கஞ்சி ஆடையை ஓரமாக ஒதுக்கினேன்.

"வெரதம் வேண்டிக்கல. உப்பப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. ஒனக்கு ஒடம்பு தேறினதப் பாத்து எனக்குத் தலகால் புரியல. பால்கொடம் பத்தாதுன்னு நானாத்தான் சேத்துச் சொன்னேன்."

"அப்ப அம்மா கேக்கவே இல்லியா?"

"இல்ல."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கையை நீட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். மூன்று விரலால் உப்பை அள்ளி நேராக நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தொண்டை ஏறி இறங்கியது. பிறகுதான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அம்மா கேக்கல, நீங்க கேட்டீங்க, குடுத்தேன்," என்றாள். "நான் ஒரு கல்லு கேட்டேன்."

மீதி உப்பைக் கஞ்சியில் கொட்டிக் கலக்கிக் குடிக்க ஆரம்பித்தாள்.